இடது கைக்குக் கட்டிய மட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்தே நாலைந்து வருஷத்தை ஓட்டிவிட்டேன். பேத்தி பிறந்தபோதே எழுத நினைத்தது. இப்போது அவள் பால்வாடிக்குப் போகிறாள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் தயங்கியது அதனால் இல்லை. இது சாமி காரியமும் ஆஸ்பத்திரிக் காரியமும் ஒன்றாகக் கலந்த சங்கதி. ஒரு சொல் கூடிப்போனாலும் பொய்யாகிவிடும், குறைந்துபோனாலும் எங்கள் மாரியம்மாளுக்குக் குறை வைத்ததாகிவிடும். அந்தப் பயம்தான். தப்பாக ஏதும் வந்தால் பொறுத்துக்கொள் தாயே என்று கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். கீரமங்கலத்தில் பூ மூட்டையும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு போய்ச் சந்தைகளில் இறக்குவார். எங்களுக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் படிக்கையில் மஞ்சள்காமாலை முற்றிப்போய், கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தாள். அப்போது எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், பிள்ளை எழுந்து நடந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று. எழுந்து நடந்தாள். நானும் அந்த வருஷத் திருவிழாவில் சட்டி எடுத்தேன்.

கையில் வேப்பிலையைக் கொத்தாக வைத்து அதன்மேல் சட்டியைத் தூக்கி வைப்பார்கள். அந்தச் சட்டியின் அடியில் ஒரு கீறல் இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கோயில் வாசலுக்குத் திரும்புகிற இடத்தில் அடி விட்டுப்போய், ஒரு கங்கு இலைக்குள் இறங்கி என் இடது உள்ளங்கையில் உட்கார்ந்துவிட்டது. சட்டியைக் கீழே போட மனசு வரவில்லை. அப்படியே கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் கையை விரித்தேன்.

அப்புறம் செய்ததுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டேன், திருநீறு போட்டேன். விரித்தால் எரிந்தது, மூடினால் சுகமாக இருந்தது. அதனால் மூடியே வைத்திருந்தேன். புண் ஆறியது. ஆறும்போதே சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஆறிவிட்டது. தோல் கயிறு மாதிரி திரண்டு, அந்த இரண்டு விரலும் உள்ளங்கையைத் தொட்டபடியே நின்றுவிட்டன.

அம்மாள் சட்டியில் சுட்டுவிட்டது என்றால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். விரதத்தில் ஏதோ குறை என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. நான்தான் முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். கும்பிடும்போது இரண்டு உள்ளங்கையும் சேராது. என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா, இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். நல்ல மனசு, வாய் மட்டும் சும்மா இருக்காது. "என்னத்த ஒளிச்சு வெச்சுக்கிட்டுக் கும்புடுற? அம்மாகிட்டக் காட்டாம எங்கிட்டுக் கொண்டுபோகப் போற?" என்று கேலி பண்ணுவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அப்படியே வருஷம் போனது. மகளைத் திருக்கோகர்ணத்தில் கட்டிக் கொடுத்தோம். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தபோது எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். சம்பந்தி அம்மாள் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். டம்ளரை நான் வலது கையிலேயே வாங்கி, வலது கையிலேயே கீழே வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. மொதப் பிரசவம் ஒங்க வீட்டுலதான், அதான் மொறை. ஆனா பச்சப்புள்ளைய எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டணும்ல. அந்தக் கையில எப்படிங்க கழுத்தத் தாங்குவீங்க? இங்கயே வெச்சுப் பாத்துக்கிறமே."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. சொன்னதும் நிஜம். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறபோது இடது கைதான் தலையையும் கழுத்தையும் ஏந்த வேண்டும். என் இடது கையில் ஏந்த இடமே இல்லை. மடங்கின விரலின் நகம்தான் பிள்ளையின் பிடரியில் குத்தும். பஸ் ஏற்ற வந்த மகள் என் முந்தானைக்குள் கையை விட்டு அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதாம்மா குளிப்பாட்டணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த வாரமே வீட்டுக்காரர் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சுருங்கின தோலை வெட்டிப் பிரித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டினார்கள். விரலுக்குள் கம்பி போட்டு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கம்பி எடுத்து, கட்டும் பிரித்த அன்றைக்கு என் கையை நானே அடையாளம் தெரியாமல் பார்த்தேன். உள்ளங்கையில் வேறு நிறத்தில் ஓர் ஒட்டு. ஆனால் விரல்கள் வெளியே வந்திருந்தன.

இனிமேல் வேலை முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர், கைக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பிவிட்டார். மகள் வயசுதான் இருக்கும். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டாள். அது அப்பளம் மாதிரி துவண்டது. எடுத்துத் துடைத்து, என் கையின் அடியில் வைத்து, விரலை நிமிர்த்திப் பிடித்தபடி அழுத்தினாள். ஆறினதும் கல் மாதிரி இறுகி, என் கையின் அச்சாக நின்றது. பட்டை வைத்துக் கட்டிவிட்டாள்.

"ஆபரேசன் பாதிதான்மா. புதுத்தோல் பழையபடி சுருங்கத்தான் பாக்கும். ராத்திரி முழுக்க இது கையில இருக்கணும். பகல்ல அடிக்கடி கழட்டிட்டு விரல மடக்கணும், நீட்டணும், எண்ணெய் தொட்டு ஒட்டுன எடத்த நீவி விடணும். ரெண்டுல ஒன்ன விட்டாலும் பட்ட பாடு வீணாப் போயிரும்."

அவள் அதை ஸ்ப்ளின்ட் என்றாள். என் வீட்டுக்காரர் ஒருதரம் சொல்லிப் பார்த்தார், வாய்க்குள் நுழையவில்லை. தென்னை மட்டை மாதிரி வளைந்திருக்கிறது என்று மட்டை என்றே பேர் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் அப்படியே நின்றுவிட்டது.

ஒற்றைக் கையால் அதைக் கட்டிக்கொள்ள முடியாது. தினமும் சாப்பிட்டு முடித்ததும் அவர்தான் கட்டிவிடுவார். முதல் நாள், வண்டியில் பலாப்பழ லோடு கட்டுகிறவர் அல்லவா, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினார். விரல் நுனியெல்லாம் நீலமாகிவிட்டது.

"ஏங்க, நான் என்ன லோடா? ரோட்டுல விழுந்துருவேனா?"

"லூசாக் கட்டுனா நழுவிரும்த்தா."

"நழுவுனா எடுத்து மாட்டிக்கலாம். வெரலு செத்துப்போனா எந்தக் கடையில வாங்குறது?"

அடுத்த முறை போனபோது அந்தப் பெண் அவருக்குக் கற்றுக்கொடுத்தாள், பட்டைக்கு அடியில் உங்கள் விரல் ஒன்று நுழைய வேண்டும் என்று. அன்றையிலிருந்து கட்டிவிட்டு, தன் சுண்டுவிரலைப் பட்டைக்குள் விட்டுப் பார்ப்பார். அப்புறம் என் விரல் நுனியை ஒவ்வொன்றாக அழுத்தி, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் என் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. கோயில் கூட்டத்தில்கூட முன்னால் விறுவிறுவென்று போய்விட்டு, திரும்பிப் பார்த்து, "வாரியா?" என்பவர். இப்போது கேட்டால் அதெல்லாம் இல்லை என்பார். நான் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

காலையில் மட்டையைக் கழற்றிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைப்பேன். தேங்காயெண்ணெய் தொட்டு ஒட்டை நீவி விடுவேன். சப்பாத்தி மாவைப் பிசைவேன். தட்டில் உளுந்தைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். ஒவ்வொரு உளுந்துக்கும் ஓம் சக்தி சொல்லிக்கொண்டே பொறுக்கினால் வலி கொஞ்சம் மறக்கும். நாளாக நாளாக விரல் மடங்கியது, நீண்டது. மகள் போன் பண்ணும்போதெல்லாம் கையைத்தான் கேட்பாள். "விரியுதாம்மா?" "விரியுதுடி." "மடங்குதா?" "மடங்குதுடி." வளைகாப்புக்கு நாள் பார்த்தார்கள். வளைகாப்பு முடிந்து அவள் எங்கள் வீட்டுக்கு வருவதா, அங்கேயே இருப்பதா என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி அம்மாள் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள்.

காப்புக் கட்டுவது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டு வைத்து, முதலில் அம்மாளுக்குக் கட்டி, அப்புறம் வேண்டுதல் உள்ளவர்களுக்குக் கட்டுவார்கள். ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. கட்டிவிட்டால் திருவிழா முடிவில் மஞ்சள்நீர் ஆடுகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டி வெளியூர் போகக் கூடாது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று நான் காப்புக்குப் பேர் கொடுத்திருந்தேன். சாயங்காலம் மட்டையைக் கட்டிக்கொண்டே கோயிலுக்குப் போனேன். கூட்டத்தில் இடிபட்டுவிடக் கூடாதே என்று வீட்டுக்காரர்தான் கட்டிவிட்டார். கூட்டம் நெருக்கியது. பூசாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீட்டின கையில் நூலைச் சுற்றி முடி போட்டுவிட்டு அடுத்த கைக்குப் போய்விட்டார். பார்த்தால், நூல் மட்டையையும் கையையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து நான், வீட்டுக்காரர், நாத்தனார் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நூலை அவிழ்க்காமல் மட்டை கழலாது.

"அவுக்கப்புடாது" என்றார் நாத்தனார். "அம்மாளே கட்டிவிட்டதா நெனைச்சுக்க. இதவிடப் பாதுகாப்பு வேணுமா ஒனக்கு?"

எனக்கு மயிர் கூச்செறிந்தது. நிஜமாகவே அப்படித்தான் பட்டது. எந்தச் சட்டியில் சுட்டதோ, அதே அம்மாள் அதே கைக்குக் காவல் போட்டுவிட்டாள் என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரரும், "வெரலு நீட்டித்தான இருக்கு, நல்லதுக்குத்தான்" என்றார். இடையில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. எல்லை தாண்டக் கூடாது என்று அதையும் விட்டோம். திருவிழா முடிகிற வரைக்கும் மட்டை கையைவிட்டு இறங்கவில்லை. உள்ளே வேர்த்து அரித்தது. அரிக்கும்போதெல்லாம் அம்மா தாயே என்று தாங்கிக்கொண்டேன்.

மஞ்சள்நீர் ஆடி முடித்து, பூசாரி கையாலேயே காப்பை அவிழ்த்தோம். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர் பட்டையைப் பிரித்து, மட்டையை எடுத்தார். விரலெல்லாம் நேராக இருந்தன. அவர் சந்தோஷமாக, "மடக்கு பாப்போம்" என்றார்.

மடக்கினேன். மடங்கவில்லை.

இன்னொருதரம் மடக்கினேன். இரண்டு விரலும் குச்சி மாதிரி நின்றன. துண்டைப் பிடிக்கப் பார்த்தேன், நழுவி விழுந்தது. பட்டைக்கு அடியில் தோல் வெந்து சிவந்திருந்தது. முன்னே விரியாத கை, இப்போது மூடாத கை. வீட்டுக்காரர் குனிந்து துண்டை எடுத்து என் தோளில் போட்டார். அன்றைக்குச் சாமி மாடத்தில் விளக்கு ஏற்றிவிட்டு, "காவல் போட்டியே, இதைப் பாக்கலையா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். திட்டு விழும் என்று வீட்டுக்காரர் என் பின்னால் நின்றுகொண்டார். அந்தப் பெண் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். "எங்க ஊர்லயும் காப்புக் கட்டுவாங்கம்மா" என்றாள்.

"அப்ப நீயும் அவுத்திருக்க மாட்டேல்ல தாயி?"

"அவுத்திருக்க மாட்டேன். ஆனா கட்டுறப்ப, கொஞ்சம் இருங்கன்னு சொல்லி மட்டையக் கழட்டிருப்பேன்." அவளும் மட்டை என்றே சொன்னாள். "பயப்படாதீங்க. சுருங்கல, வெறைச்சுத்தான் போயிருக்கு. நாள் ஆகலைல்ல, கொண்டுவந்துறலாம். ஆனா இந்தத் தடவ வலிக்கும்."

வலித்தது. அவள் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினபோது நான் கந்தசஷ்டி கவசத்தில் பாதியைச் சொல்லி முடித்துவிட்டேன். வலி தாங்காமல் நடுவில் வரி மறந்துவிட்டது, பின்னாலிருந்து வீட்டுக்காரர் எடுத்துக்கொடுத்தார். அவருக்கு அது தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும் வழியில் அவர் வண்டியைக் கோயிலில் நிறுத்தினார். பூசாரி பிரகாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் வாளியை வைத்துவிட்டார்.

"ஏத்தா, கேக்குறதுக்கென்ன? முழங்கைக்கு மேல கட்டிருப்பேன். கை ஒடைஞ்சு மாவுக்கட்டோட வாரவுகளுக்கெல்லாம் அப்படித்தான கட்டுறேன். கூட்டத்துல நான் எந்தக் கையக் கண்டேன்? நீ ஒரு சொல்லு சொல்லிருக்கலாம்ல."

கேட்டிருந்தால் முடிந்திருக்கும். மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தோமே, ஒருத்தருக்கும் போய்க் கேட்கத் தோன்றவில்லை. கோயிலும் இருநூறு அடிதான்.

வளைகாப்புக்கு ஒரு மாதம்தான் இருந்தது. விரல் மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் வீட்டுக்காரர் கீரமங்கலத்திலிருந்து ஒரு சுரைக்காய் கொண்டுவந்தார். கழுத்து ஒடுங்கி, அடி பெருத்தது. "கூட்டு வைக்கவா?" என்றேன். "புள்ள" என்றார். சுரைக்காய்க்கு எண்ணெய் தடவி, என்னைக் காலை நீட்டி உட்காரச் சொல்லி, காலில் போட்டுவிட்டார். கழுத்தை இடது கையில் ஏந்திக்கொண்டு வலது கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

முதல் தரம் சுரைக்காய் வழுக்கி வாசல் வரைக்கும் உருண்டது. நாத்தனார் உள்ளே வந்தவர் அதைக் காலால் தடுத்து நிறுத்தினார். "பேரனா பேத்தியா? இப்பவே ஓட்டம் புடிக்கிதே" என்றார். அதற்கப்புறம் தினமும் வந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தது அவர்தான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பிள்ளைத் தலையை ஏந்த, விரல் நேராக இருந்தாலும் ஆகாது, மடங்கியே இருந்தாலும் ஆகாது. விரிந்து, கொஞ்சம் குழிய வேண்டும். அந்தப் பெண் கட்டச் சொன்னதும் கழற்றச் சொன்னதும் இந்தக் குழிவுக்குத்தான். சுரைக்காய் வாடிப்போனால் இன்னொன்று வரும். வாடினதெல்லாம் குழம்புக்குப் போனது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சுரைக்காய்தான்.

வளைகாப்பு அன்றைக்குச் சம்பந்தி அம்மாள் வளையல் தட்டை என்னிடம் நீட்டினார். யோசிக்காமல் இடது கையை விரித்து நீட்டினேன். தட்டு உள்ளங்கையில் உட்கார்ந்தது. நிறையக் கண்ணாடி வளையல், கனமாகத்தான் இருந்தது. வலது கையால் எடுத்து எடுத்து மகளுக்குப் போட்டேன். கடைசி வளையல் போடும்வரைக்கும் சம்பந்தி அம்மாள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "கூட்டிக்கிட்டுப் போங்க. நான் வந்து வந்து பாத்துக்கிறேன்" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தனம் பூசின கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டது.

பேத்தி பிறந்தாள். தொப்புள்கொடி விழுந்து, முதல்முதலாகத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வந்தது. ஒட்டின தோலில் சூடு அவ்வளவாகத் தெரியாது. அதனால் தண்ணீரை வலது கையால் தொட்டுப் பார்த்தேன், நாத்தனாரையும் பார்க்கச் சொன்னேன். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை, வாசலில் இருந்தபடி, "நழுவாமப் புடி" என்றார். பிள்ளையைக் காலில் போட்டேன். பிடரி என் இடது உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. சுரைக்காய் மாதிரி இல்லை. அது மெத்தென்று இருந்தது, உயிரோடு அசைந்தது. மரத்த தோல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களே, அந்த அசைவு எனக்கு நன்றாகத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றினேன். வீல் என்று கத்தினாள். நழுவவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாளிடம் போய்க் கும்பிட்டேன். உள்ளங்கைகள் சேர்ந்தன. சுண்டுவிரல் பக்கம் மட்டும் இன்றைக்கும் ஓர் இடுக்கு இருக்கிறது, மூடாது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஊரில் இப்போது வேறு மாதிரி ஓடுகிறது. காப்பை அவிழ்த்த நிமிஷம் விரல் தானாக நிமிர்ந்ததாம், அம்மாள் கனவில் வந்து கையைத் தடவினாளாம். நாத்தனாரே வெளியூர்க்காரர்களிடம் இப்படிச் சொல்லி நான் காதால் கேட்டேன். "ஏன் அண்ணி, நீங்க கூடவே இருந்தீங்களே?" என்றால், "அம்மா பெருமைதானத்தா, கூடச் சொன்னா என்ன?" என்கிறார். போன மாதம் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி இதை நம்பிக்கொண்டு, வெந்து சுருங்கிய தன் மகன் கையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கோயிலுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகாமல். அதைப் பார்த்த பிறகுதான் இனியும் தயங்கக் கூடாது என்று இதை எழுதினேன். அவளையும் மகனையும் என் வீட்டுக்காரர் வண்டியிலேயே ஏற்றி அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய் விட்டோம்.

என் அம்மாள் எனக்குக் கனவில் வரவில்லை. கங்கு இறங்கியும் நடக்கிற பலத்தைக் கொடுத்தாள், கத்தியோடு ஒரு டாக்டரைக் கொடுத்தாள், திட்டாத ஒரு பெண்ணைக் கொடுத்தாள், பட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கிற புருஷனைக் கொடுத்தாள். எனக்கு அது போதும், அவளுக்கும் அது பெருமைதான்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொன்னால், உள்ளபடி சொல்லுங்கள். சுட்டது என்பதையும் சொல்லுங்கள். காப்பைப் பற்றிக் கேட்காமல் விட்டதையும், விரல் விறைத்ததையும் சொல்லுங்கள். கையில் மட்டையோடு யாராவது கோயிலில் நின்றால், நூல் கட்டுமுன் பூசாரியிடம் ஒரு சொல் சொல்லச் சொல்லுங்கள். கூட ஒன்றும் சேர்க்க வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சுரைக்காயைக்கூட விட்டுவிடாதீர்கள்.